திரும்பி வந்த பிறகே கையெழுத்து

மல்லேசுவரம், பெங்களூர்
12 நவம்பர் 2000

திரு. ஓஸ்வால்ட் அவர்களுக்கு,

இன்று எனக்கு எழுபத்து நான்கு வயது, மூன்று மாதம், பதினொரு நாள். துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் ஒருத்தி, எட்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதினால், அவளுக்குப் புத்தி நிலையாக இருக்கிறதா என்றுதான் படிப்பவர் முதலில் பார்ப்பார். புத்தி நிலையாக இருக்கிறது. முழங்கால்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நீங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் எஞ்சினியராக வேலை பார்த்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டார்கள். விமானங்களை நிறுத்தும் ஹாங்கரை இடிக்கப் போகிறார்களாம். அதற்கு முன், தலைமைப் பயிற்சியாளராக இருந்த என் தம்பி வைத்தீஸ்வரனின் அலமாரியைக் காலி செய்து, கிடைத்ததை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுச் சென்ற வாரம் அனுப்பி வைத்தார்கள். ஒரு ஜோடி கேன்வாஸ் செருப்பு, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், தொண்டைக்கான மாத்திரை டப்பா, என்னிடம் காட்டாமல் அங்கேயே ஒளித்து வைத்திருந்த தடித்த மூக்குக்கண்ணாடி. ஐம்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்த ஒருவன் விட்டுச்சென்றவை இவ்வளவே. எட்டு ஆண்டுகளாக அந்தப் பூட்டை ஒருவரும் திறக்கவில்லை என்பதை அலுவலகத் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டியில் விரல் நீளக் கண்ணாடிக் குழல் ஒன்றும் இருந்தது. அதன் பித்தளை மூடியில் 'ஓ' என்று ஆணியால் கீறியிருக்கிறது. காலையில் விமானத்தின் அடியிலிருந்து பெட்ரோலை வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று நீங்கள் பார்க்கும் குழல் இது. அவன் அலமாரிக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. உங்கள் பொருள் உங்களிடம் இருப்பதே முறை. பஞ்சில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கிடைத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். அதற்கு மேல் நமக்குள் பேச எதுவும் இல்லை.

ஜகதாம்பாள்


சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்
21.11.2000

மரியாதைக்குரிய மேடம்,

பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. ஒரு வரி போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், ஒரு வரியில் முடியவில்லை.

எனக்கு இப்போது அறுபத்தொன்று. லைசென்ஸைப் பிடுங்கிய பிறகு இங்கேயே வந்துவிட்டேன். ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் பம்பும் கிரைண்டரும் ரிப்பேர் பண்ணுகிறேன். மகள் பிரிஜெட்டுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஒக்கலிபுரத்தில் என் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை ரயிலில் வருவாள். வருகிற ஜனவரி எட்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விசாரணை அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. என்னைப் பற்றிய பக்கம் மனப்பாடம். 1992 அக்டோபர் 11, ஞாயிறு. தலைமைப் பயிற்சியாளர் தன் அக்காவை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் பறக்கப் போனார். வானில் எஞ்சின் நின்றது. பள்ளிக்காரர்கள் எப்போதும் அவசர இறக்கம் பழகுகிற காளேனஹள்ளி ஏரிப் படுகைக்கே திரும்பி இறக்கப் பார்த்தார். ஏரியை மனைபோட்டு விற்றிருந்தார்கள். புல்லுக்குள் கல் நட்டிருந்தது மேலிருந்து தெரியவில்லை. சக்கரம் கல்லில் மோதி விமானம் கவிழ்ந்தது. அவர் அங்கேயே இறந்தார். அக்கா தோள் எலும்பு முறிந்து பிழைத்தார். பெட்ரோல் வடிகட்டியில் தண்ணீர் இருந்தது. அன்றைய பரிசோதனைத் தாளில் எஞ்சினியரின் கையெழுத்து இல்லை. ஆகவே எஞ்சினியரின் அலட்சியம்.

கையெழுத்து ஏன் இல்லை என்று நான் சொன்னபோது விசாரணையில் ஒருவர் சிரித்தார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் சுந்தரராமன் சொல்லுவார்: "டேய், வண்டி திரும்பி வந்து நின்னப்புறம்தான் கையெழுத்து போடணும். போறதுக்கு முன்னாடியே போட்டா, வந்து சேர்ந்துடுச்சுன்னு நீயே எழுதி வெச்ச மாதிரி. அது திமிரு." எங்கள் ஹாங்கரில் எல்லோருமே அப்படித்தான். காலையில் பார்ப்போம், சாயங்காலம் போடுவோம். வைத்தீஸ்வரன் சாருக்கும் தெரியும். அன்றைக்கு வண்டி திரும்பவில்லை. தாள் அப்படியே கிடந்தது.

நான் கேட்க வந்தது இதுதான். அன்று காலை நீங்கள் என் பக்கத்தில் குடையோடு நின்றீர்கள். நான் இந்தக் குழலில் வடித்துப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்துக் காலைகளெல்லாம் சேர்ந்து ஒரே காலையாகிவிட்டது. நான் நினைக்கிறது அன்றைய காலையா, முந்தின நாளா, தெரியவில்லை. விசாரணையில் கேட்டதற்கு "கவனிக்கவில்லை" என்றீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

எட்டு வருஷமாக நான் கோயிலில் நற்கருணை வாங்குவதில்லை மேடம். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். என்ன பாவம் என்று சொல்வேன்? வடித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு மனுஷனைக் கொன்றவன் நான். பார்த்திருந்தால், செய்யாத பாவத்தைச் செய்ததாகச் சொல்வது பொய். ஃபாதர், "சந்தேகம்னு சொல்லுப்பா, போதும்" என்கிறார். எனக்குப் போதவில்லை. மகள் கல்யாணப் பூசையில் அப்பன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் ஊர் பார்க்கும். ஊரை விடுங்கள், அவள் பார்ப்பாள்.

பணிவுடன்,
ஓஸ்வால்ட்


மல்லேசுவரம்
27 நவம்பர் 2000

திரு. ஓஸ்வால்ட் அவர்களுக்கு,

உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள்.

விசாரணையில் நான் சொன்னது எழுத்தில் இருக்கிறது. அதை இப்போது மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் ஏதும் இல்லை. உங்கள் சமயம் தெரிந்ததையும் தெரியாததையும் எப்படிப் பிரிக்கிறது என்பதில் எனக்குப் பயிற்சி இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவள் நான். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் அரை மதிப்பெண்ணாவது கொடுப்பேன். உங்கள் ஃபாதர் சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பரிசோதித்தேன் என்பது ஒரு வாக்கியம். விமானம் திரும்பி வந்தது என்பது வேறொரு வாக்கியம். முதலாவதற்குக் கீழே போட வேண்டிய கையெழுத்தை இரண்டாவதற்காக நிறுத்தி வைத்தது உங்கள் ஃபோர்மேனுடைய தவறு. அதை அடக்கம் என்று அழைத்தது அதைவிடப் பெரிய தவறு. உங்கள் மேல் பழி விழ இடம் கொடுத்தது அந்த அடக்கமே. இதைத் தெரிந்தே அனுமதித்த என் தம்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மற்றபடி, உங்கள் ஞாபகத்தில் பிழை இருக்கிறது. அன்று காலை என் கையில் குடை இல்லை. நல்ல வெயில் அடித்தது. மழை மாலையில்தான் வந்தது.

இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்து முடியட்டும்.

ஜகதாம்பாள்


சாம்பியன் ரீஃப்ஸ்
3.12.2000

மேடம்,

இதைத் தபாலில் போடவில்லை. பிரிஜெட் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். குழலும் அவளிடம் இருக்கிறது.

குடை இல்லை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. வெயில் அடித்தது ஞாபகம் இருக்கிறது. மழை எப்போது வந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இரண்டடி தள்ளி, மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த மனுஷன் மட்டும் ஞாபகம் இல்லையா?

நான் படிக்காதவன் மேடம். எங்க அப்பா சுரங்கத்துக்குள் போய் இருமியே செத்தவர். நான் எட்டாவதோடு நின்று ஹாங்கரில் சேர்ந்து, லைசென்ஸ் பரீட்சையை மூன்று தடவை எழுதிப் பாஸ் பண்ணினேன். அந்த லைசென்ஸ் போனதற்குக்கூட உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதில்லை. சாருடைய காரியத்துக்கு வந்தேன். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். தம்பியைப் பறிகொடுத்தவர், என் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வடித்துப் பார்த்தேன் என்றால் இந்தக் குழல் என்னுடையது. பார்க்கவில்லை என்றால் இதைக் கையில் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. எது என்று உங்களுக்குத் தெரியும். தெரிகிறவரை அது உங்களிடமே இருக்கட்டும்.

ஓஸ்வால்ட்


மல்லேசுவரம்
11 டிசம்பர் 2000

திரு. ஓஸ்வால்ட் அவர்களுக்கு,

உங்கள் மகள் வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். உட்காரச் சொன்னதற்கு, "பரவால்ல ஆன்ட்டி, ஆபீஸ் வண்டி வந்துடும்" என்றபடி நின்றாள். கடிதத்தை நான் படித்து முடிக்கும்வரை சுவரில் இருந்த வைத்தியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னாள்:

"அப்பா தினமும் காலைல எழுந்ததும் டம்ளர்ல தண்ணி பிடிச்சு ஜன்னல்கிட்டப் போயி வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. பாத்துட்டுக் கொட்டிருவாரு. குடிக்க மாட்டாரு. மொதல்ல அது ஏதோ ஜெபம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இப்போது?" என்றேன்.

"இப்ப கேக்கறதில்ல ஆன்ட்டி. நீங்கதான் கேக்கணும்."

அவள் குரலில் மரியாதைக் குறைவு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே எழுதுகிறேன். 1992 அக்டோபர் 11, காலை எட்டே கால் மணி. விமானத்தின் இடப்பக்கம் நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்தீர்கள். இரண்டு இடங்களில் வடித்தீர்கள். முதல் முறை குழலைக் கிழக்கே சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தீர்கள். இரண்டாவது முறை முகர்ந்தும் பார்த்தீர்கள். "கிளீனா இருக்கு சார், கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். குழலை வைத்தியிடம் நீட்டினீர்கள். அவனும் பார்த்துவிட்டு, ஏதோ பேசிக்கொண்டே தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்வெட்டரை வைக்க அலமாரிக்குப் போனான். அது அங்கே போனது இப்படித்தான். தெரியாது என்று முதல் கடிதத்தில் எழுதியது பொய். குழலில் தண்ணீர் இல்லை. நான் பார்த்தேன்.

வடிகட்டியில் கண்டெடுத்த தண்ணீரைப் பற்றியும் சொல்கிறேன். அன்று மாலை மூன்று மணி நேரம் மழை பெய்தது. பெட்ரோல் குழாய் பிளந்து, தலைகீழாகக் கிடந்த விமானத்தின் மேல் அந்த மழை முழுவதும் விழுந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரிகள் வந்து வடிகட்டியைத் திறந்து ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை என் முதலாண்டு மாணவிகளே சொல்லிவிடுவார்கள். விசாரணை நடந்தபோது எனக்கும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

இவற்றை ஒரு வாக்குமூலமாக எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். விமானத் துறைக்கு அனுப்புங்கள். உங்கள் கோயிலிலும் காட்டுங்கள். குழலையும் திருப்பி அனுப்புகிறேன். அது உங்களுடையது.

அன்று ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஜகதாம்பாள்


சாம்பியன் ரீஃப்ஸ்
19.12.2000

மரியாதைக்குரிய மேடம்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை பிரிஜெட் உரக்கப் படித்தாள். 'கிளீனா இருக்கு சார்' என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கினேன். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லதுதான்.

கேட்காதீர்கள் என்றீர்கள். கேட்கவில்லை. ஆனால் உங்கள் வாக்குமூலத்தை நான் எங்கேயும் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சாருடைய பழைய வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவசர இறக்கம் கற்றுக்கொடுக்கும்போது மற்ற பயிற்சியாளர்கள் எஞ்சினை மெதுவாக்கி மட்டும் காட்டுவார்கள். சார் அப்படியில்லை. மாணவன் உட்காருகிற இடது சீட்டுக்குப் பக்கத்தில், முழங்காலுக்கு நேராகச் சுவரில் பெட்ரோல் வால்வு இருக்கும். மாணவன் கையாலேயே அதை மூடச் சொல்லுவார். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் உண்மையாகவே அடங்கும். காற்றில் ப்ரொப்பெல்லர் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆயிரத்தைந்நூறு அடிக்கு வந்ததும் "திற" என்பார். திறந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எண்பத்தைந்தில் பள்ளி இதைத் தடை செய்தது. அதன் பிறகு அந்த வால்வைத் திறந்த நிலையில் மெல்லிய செப்புக் கம்பியால் நானே கட்டி வைத்தேன். சார் முறைத்தார்.

உடைந்து கிடந்த விமானத்தில் அந்தக் கம்பி இல்லை. பிய்ந்து போகவில்லை மேடம், கட்டரால் நறுக்கியிருந்தது. நுனியைத் தடவிப் பார்த்தேன். விசாரணையில் நான் சொல்லவில்லை. செத்துப்போனவர் பேரில் எதற்கு என்று விட்டுவிட்டேன். அதோடு, வால்வு திறந்துதான் இருந்தது. மூடியிருந்தாலும் திரும்பத் திறந்திருக்கிறார். திறந்திருந்தால் எஞ்சின் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர்தான் காரணம், தண்ணீர் என்றால் நான்தான் காரணம். எட்டு வருஷமாக என் மண்டைக்குள் ஓடின கணக்கு இது.

இப்போது தண்ணீர் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் மிச்சம் இருப்பது சார் ஒருவர்தான். உங்கள் காகிதத்தை நான் அனுப்பினால் மறுபடி தோண்டுவார்கள், கம்பி வெளியே வரும், தடை செய்ததைச் செய்து தானும் செத்தார், அக்காவையும் சாகடிக்கப் பார்த்தார் என்று எழுதுவார்கள். எத்தனை பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். நான் ஏற்கெனவே கெட்ட பேர் எடுத்தாயிற்று. அது அப்படியே இருக்கட்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு மெக்கானிக்குக் காரணம் இல்லாமல் நின்ற எஞ்சின் என்று ஒன்று கிடையாது. சார் ஆயிரத்தைந்நூறு அடியைத் தவறவிடுகிற ஆள் இல்லை. அவர் நேரத்துக்குத் திறக்கச் சொல்லியிருப்பார். அந்த விமானத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது. தரையில் நான்தான் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கிளப்புவேன். வானில் அது சுற்றுவது நின்றுவிட்டால்தான் தொல்லை. ஏன் நின்றது?

கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறேன். சார் உங்களைப் பற்றி ஹாங்கரில் அடிக்கடி சொல்வது ஞாபகம் வருகிறது. "எங்க அக்காகிட்ட ஒரு காரியம் ஆகணும்னா முதல்ல சத்தியம் பண்ணிக் குடுக்கணும் ஓஸ்வால்ட். சின்ன வயசுல என்னை உள்ள வெச்சு பாத்ரூம் தாப்பாளை வெளிலேர்ந்து போட்டுட்டு, 'இனிமே மரம் ஏறமாட்டேன்னு சொல்லு, திறக்கறேன்'ம்பா." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவசியம் வாருங்கள்.

ஓஸ்வால்ட்


மல்லேசுவரம்
26 டிசம்பர் 2000

ஜகதாம்பாள்

திரு. ஓஸ்வால்ட் அவர்களுக்கு,

கையெழுத்தை மேலேயே போட்டுவிட்டேன். எழுதி முடித்த பிறகு போடத் துணிவிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். உங்கள் ஃபோர்மேன் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்தக் கடிதத்திற்கு மொத்தம் மூன்று பிரதிகள். ஒன்று விமானத் துறைக்கு, முந்தைய வாக்குமூலத்தின் நகலோடு இன்று காலை பதிவுத் தபாலில் போய்விட்டது. நீங்கள் அனுப்பமாட்டீர்கள் என்பதால் நானே அனுப்பினேன். இரண்டாவது என் வக்கீலிடம் இருக்கிறது. மூன்றாவது இது. ஆகவே என்னைத் தடுப்பதைப் பற்றியோ காப்பாற்றுவதைப் பற்றியோ நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் பெருந்தன்மை எனக்குப் புரிகிறது. அது தவறான இடத்தில் செலவாகிக்கொண்டிருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். என் தம்பியின் பெயரைக் காக்க நீங்கள் உங்கள் பெயரைக் கொடுத்தீர்கள். நீங்கள் காத்தது அவன் பெயரை அல்ல.

அந்த ஆண்டு ஜூலையில் கண் மருத்துவர் அவனுடைய இடது கண்ணில் பார்வை குறைந்துகொண்டு வருகிறது என்றார். நான் கூட இருந்தேன். விமானம் ஓட்டுவதை இந்த ஆண்டோடு நிறுத்திவிடுவதாக ஆட்டோவில் வரும்போது சொன்னான். ஆகஸ்டில் வேறொரு மருத்துவரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டான். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தான். செப்டம்பர் முழுவதும் சண்டை. சாப்பாட்டு மேசையில், பால் வாங்கும்போது, பூஜை அறை வாசலில். அவனுக்கு மனைவி போய்ப் பத்து வருடம், எனக்குத் திருமணமே இல்லை. அந்த வீட்டில் பேசுவதற்கு வேறு ஆளும் இல்லை, வேறு விஷயமும் இல்லை.

அக்டோபர் பதினொன்றாம் தேதி அவன் சமாதானத்துக்குக் கூப்பிட்டான். "நான் எப்படி ஓட்டறேன்னு நீ ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பாரேன்க்கா. பாத்துட்டு அப்பறம் திட்டு" என்றான். ஓட்டுவதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூவாயிரம் அடியில் அவசர இறக்கம் காட்டுகிறேன் என்றான். கம்பியை அவன்தான் நறுக்கினான், கால்சட்டைப் பையில் கட்டர் வைத்திருந்தான். இடது இருக்கையில் இருந்தவள் நான். அவன் சொன்னபடி வால்வை மூடினேன். அரை நிமிடம் கழித்து எஞ்சின் அடங்கியது. காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. ப்ரொப்பெல்லர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவனுக்கு என்னைப் பயமுறுத்த வேண்டும் என்ற எண்ணம் இல்லை. தான் எவ்வளவு நிதானமாக இருக்கிறான் என்று காட்ட வேண்டும் என்பதே எண்ணம். இடது கண்ணை இறுக்கிக்கொண்டு உயரம் காட்டும் முள்ளைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆயிரத்தைந்நூறு அடியில், சரியாக ஆயிரத்தைந்நூறில், "திறக்கா" என்றான். அவனால் எட்ட முடியாது. குறுக்கே என் முழங்கால்கள் இருந்தன, என் கை வால்வின் மேல் இருந்தது. அந்தக் கை அசையவில்லை. பயத்தில் உறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான்.

அதன் பிறகு நடந்ததை நான் பல முறை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். அவன் "திறக்கா" என்றதிலிருந்து நான் திறந்தது வரை பதினொரு விநாடி. ஆறாவது விநாடியில் அவன் முழுவதுமாக என் பக்கம் திரும்பினான். திரும்பியதில், ஓட்டும் தண்டைப் பிடித்திருந்த கை பின்னால் இழுபட்டு விமானத்தின் மூக்கு உயர்ந்தது. வேகம் விழுந்தது. ஒன்பதாவது விநாடியில் ப்ரொப்பெல்லர் நேர் குத்தாக நின்றது. அதை மறுபடி சுற்ற வைக்க எவ்வளவு உயரம் கீழ்நோக்கிப் பாய வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அவ்வளவு உயரம் அப்போது இல்லை. ஏன் நின்றது என்று கேட்டீர்கள். இதனால்தான்.

கீழே இடப்பக்கம் அறுவடை முடிந்த ராகி வயல் ஒன்று இருந்தது. தலைக்குள் நூறு முறை பழகிய ஏரியே இருந்ததால் அவன் அதற்குத் திரும்பினான். புல் அழகாக இருந்தது. இறக்கமும் அழகாகத்தான் இருந்தது, முதல் கல் வரை. அவனுடைய கைகளில் பிழையில்லை என்பதைத் துறைக்கு எழுதிய பிரதியில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். கம்பியை நறுக்கியது அவன் தவறு. அதற்கு மேல் அவன் மீது எதையும் ஏற்ற அவர்களுக்கு உரிமையில்லை. உங்கள் மீது எதையுமே ஏற்ற உரிமையில்லை.

விசாரணையில் குழலைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், தண்ணீர் இல்லாத எஞ்சின் ஏன் நின்றது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதனால் கவனிக்கவில்லை என்றேன். மேசைக்கு அப்பால் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் சட்டையின் மேல் பொத்தான் வேறு நிறம். இதையும் நான் கவனிக்காமல் இல்லை.

திருமணத்திற்கு வரமாட்டேன். நீங்களும் இதைப் படித்த பிறகு அழைக்கமாட்டீர்கள். பிரிஜெட்டிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் நாளை காலை டம்ளரில் பிடிக்கிற தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.

அந்தப் பதினொரு விநாடியில் என்ன பேச்சு நடந்தது என்பதைத் துறைக்கு அனுப்பிய பிரதியில் எழுதவில்லை. 'தாமதித்தேன்' என்று மட்டும் எழுதினேன். அவர்களுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. தாப்பாள் கதையை அவன் உங்களிடம் சிரித்துச் சொல்லியிருக்கிறான்.

"திறக்கா" என்றான்.

"இதுதான் கடைசின்னு சொல்லு. இனிமே ஓட்டமாட்டேன்னு சொல்லு. சொன்னாத் திறக்கறேன்" என்றேன்.

முதலில் சிரித்தான். "அக்கா, விளையாடற இடமா இது. திற."

"சொல்லு."

அப்போதுதான் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு முன்னால் நின்றுபோன ப்ரொப்பெல்லரைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை.

"சரிக்கா. இதுதான் கடைசி" என்றான்.

அதன் பிறகுதான் திறந்தேன்.